பால் வெட்டும் சப்பாத்தோடு டார்ட்மூருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடை வரிசையில், சீனர் ஒருவரின் இரும்புச் சாமான் கடையில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய சப்பாத்து இது. கறுப்பு நிறம். முழுவதும் ஒரே வார்ப்பு ரப்பர். தையல் கிடையாது, நாடா கிடையாது. அடியில் வரிசை வரிசையாகக் குமிழ்கள். தோட்டத்தில் நாங்கள் கித்தா சப்பாத்து என்போம். மலையேறப் போகும் இளம்பிள்ளைகள் கம்போங் அடிடாஸ் என்கிறார்கள். அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாரோ கேலியாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பால் மரம் என்கிற ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர் வீட்டில் பிறந்த எவருக்கும் இந்தச் சப்பாத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லைதான். ஆனால் நான் இதைப் போட்டுக்கொண்டு நடந்தது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், டெவன் வட்டாரத்தில், டார்ட்மூர் என்ற வெட்டவெளியில். மழை, சேறு, கருங்கல், காற்று என்று மூன்று நாள். அங்கே இது எப்படி உழைத்தது, எங்கே காலை வாரியது என்று சொன்னால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

என் மகள் பிளிமத் நகரில் தாதியாக இருக்கிறாள். ஐந்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போன மே மாதம்தான் எனக்கு டிக்கெட் எடுக்க மனம் வந்தது. கொண்டுவர வேண்டியவை என்று அவள் அனுப்பிய பட்டியலில் முதல் வரியே தண்ணீர் புகாத மலையேற்றச் சப்பாத்து. கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் அதற்கென்றே ஒரு கடை இருந்தது. விலை 689 வெள்ளி. விற்பனைப் பையன் சப்பாத்தின் உள்ளே இருக்கும் சவ்வைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினான். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 689 வெள்ளி சம்பாதிக்க என் அம்மா எத்தனை மாதம் உளி பிடித்திருக்க வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த புத்தி அப்படித்தான் வேலை செய்யும். நன்றி சொல்லிவிட்டு ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை இரும்புக் கடைக்குப் போனேன். வாசலில் வழக்கம்போல ஜோடி ஜோடியாக ராஃபியா கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.

“யாருக்கு, சிக்கு? வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டவா?” சிக்கு என்றால் டீச்சர்.

“எனக்குத்தான், தவுக்கே. இங்கிலாந்துக்குப் போகிறேன்.”

தவுக்கே, அதாவது கடை முதலாளி, மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு முறை பார்த்தார். பிறகு என் கையிலிருந்ததைப் பிடுங்கித் திரும்பத் தொங்கவிட்டுவிட்டு, உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து வேறு ஜோடி எடுத்துவந்தார். வெயிலில் தொங்கும் ரப்பர் நாள்பட்டால் வெடித்துவிடும் என்றார். உண்மைதான். இதை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுவே. விரல் மடங்கும் இடத்தில் சப்பாத்தை இரண்டாக மடக்கிப் பாருங்கள். மயிரிழை போலச் சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தால் அது வெயில் தின்ற சரக்கு. பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், விலை ஒன்றுதான். தடித்த காலுறைக்கு இடம் வேண்டும் என்று நான் வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். அதுவும் நல்ல முடிவு.

மூர் என்றால் என்ன என்று மகளிடம் தொலைபேசியில் கேட்டிருந்தேன். “மரமில்லாத கேமரன்மலை என்று நினைத்துக்கொள்ளுங்கள், அம்மா” என்றாள். போய்ப் பார்த்தபோது அது பாதிதான் சரி என்று தெரிந்தது. டார்ட்மூரின் மிக உயர்ந்த இடமான ஹை வில்ஹேஸ் 621 மீட்டர்தான். நம் கேமரன்மலையின் தானா ராத்தா அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. ஆனால் 954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தேசியப் பூங்காவின் மேட்டுப் பகுதியில் காற்றைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. பழுப்புப் புல், முள் புதர், ஹெதர் என்ற குட்டைச் செடி. குன்றின் உச்சிகளில் மட்டும் யாரோ அடுக்கிவைத்துவிட்டு மறந்துபோனதைப் போலக் கருங்கல் குவியல். அந்தக் குவியலை டோர் என்கிறார்கள். ஆதியில் அங்கேயும் காடுதான் இருந்திருக்கிறது. வெண்கலக் கால மனிதர்கள் மரத்தை வெட்டி ஆடு மாடு மேய்த்து, அதற்குப் பிறகு வந்தவர்களும் மேய்த்து மேய்த்தே அது வெட்டவெளியாக நின்றுவிட்டது. காட்டை அழித்துத் தோட்டமாக்கி, பால் மரத்தை அழித்துச் செம்பனையாக்கியதைக் கண்ணால் பார்த்த எனக்கு அது புதுக் கதையாகப் படவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மூன்றாம் நாள் நடந்தது. போஸ்ட்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் தொடங்கி, கிழக்கு டார்ட் ஆற்றை ஒட்டி மேலே நடந்து ஓர் அருவிக்குப் போகும் வழி. தொடக்கத்திலேயே ஒரு பழைய பாலம் இருக்கிறது. வெள்ளீயம் சுமந்த குதிரைகள் ஆற்றைக் கடப்பதற்காக இடைக்காலத்தில் போட்டது. ஒவ்வொரு பலகைக் கல்லும் நாலு மீட்டருக்கு மேல் நீளம், எட்டு டன்னுக்கு மேல் எடை. சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை, தூண் மேல் கல்லை வைத்ததோடு சரி. அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அரை மணி நேரத்தில் தரை மாறிவிட்டது.

பச்சையாக, பளிச்சென்று, மெத்தை போல இருக்கும் இடம்தான் ஆபத்து என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த ஊர்க்காரர்களே அதற்கு இறகு மெத்தை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே பீட் என்ற கரிமண். தெலுக் இந்தான் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், செம்பனை மரங்கள் வேர் பிடிக்காமல் குடிகாரர்களைப் போலச் சாய்ந்து நிற்குமே, அதே வகை மண். ஆனால் மேலே ஸ்பாக்னம் என்ற பாசி போர்த்தியிருக்கிறது. தன் எடையைப் போல இருபது மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பாசி அது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். தேங்காய்ப் பூவைப் பிழிந்தாற்போல விரல் இடுக்குகளில் வழிந்து முழங்கை வரை ஓடியது. முதல் உலகப் போரின்போது இந்தப் பாசியைச் சேகரித்து, காயவைத்து, காயத்துக்குக் கட்டுப் போட அனுப்பினார்களாம். மகளுக்கு அந்தக் கதையைச் சொல்வதில் தனி உற்சாகம், தொழில் சம்பந்தப்பட்டதல்லவா.

கதை சொல்லிக்கொண்டே அவள் வலது காலைத் தவறான இடத்தில் வைத்தாள். முழங்கால் வரை போய்விட்டது. நான் கையைக் கொடுத்து இழுக்கப் போய், என் இரண்டு கால்களும் கணுக்கால் வரை இறங்கின. கால் சுலபமாக வெளியே வந்தது. சப்பாத்தும் கூடவே வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சேறு முதலில் பறிப்பது சப்பாத்தைத்தான். நாடா இல்லாத இது எப்படி நிற்கும் என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஈரமான ரப்பர் ஈரமான காலுறையை அட்டை போலக் கவ்விக்கொள்கிறது. அடிக் குமிழ்களும் சேற்றை வாரிக்கொண்டு வரவில்லை. இரண்டு தட்டு தட்டினால் உதிர்ந்துவிட்டது.

கரையேறியதும் பாறையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன். தேத்தண்ணீர் நிறத்தில் அரைக் குவளை தண்ணீர் கொட்டியது. காலுறையைப் பிழிந்து போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். மகளின் சப்பாத்து 140 பிரிட்டிஷ் பவுன். அந்தச் சவ்வு இருக்கிறதே, வெளித் தண்ணீரை உள்ளே விடாதது, அது மேல் வழியாக உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடாது. திரும்பி வரும் வரைக்கும் அவள் ஒரு காலில் சளப் சளப் என்று சத்தம் போட்டுக்கொண்டே நடந்தாள். அன்று இரவு செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, வெப்பக் குழாய் அருகில் வைத்து, மறுநாளும் காயவில்லை. நான் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுவரில் சாய்த்துவைத்தேன். காலையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போலச் சுத்தமாக இருந்தது.

அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன். வழியில் எதிர்ப்பட்ட நடைக்காரர்கள் எல்லாரும் தோலும் துணியும் சேர்த்துத் தைத்த விலையுயர்ந்த சப்பாத்து. என் காலைப் பார்த்துச் சிலர் பார்வையை மரியாதையாகத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் வேலியோரம் நாயோடு ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் போட்டிருந்தது முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் பூட்ஸ். அந்தச் சேற்றில் பொழுதுபோக்க வருகிறவர்களுக்குத் தோல். அதிலேயே வேலை செய்து சாப்பிடுகிறவருக்கு ரப்பர். அவர் என் காலைப் பார்த்தார், மேலும் கீழும் தலையை ஒருமுறை ஆட்டினார், போய்விட்டார்.

எங்கள் அம்மாவின் சப்பாத்தில் பக்கவாட்டில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். புதிதாக வாங்கிய அன்றே அடுப்பில் ஆணியைக் காய்ச்சிச் சொருகிவிடுவார். லயத்து அடுப்படி முழுக்கக் கருகின ரப்பர் நாற்றம் எழும்பும். மழை பெய்த மறுநாள் காட்டில் நிரை ஓரத்துப் பள்ளங்களில் நடக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் அந்த ஓட்டை வழியே தண்ணீர் பீச்சும். உட்கார்ந்து கவிழ்க்க அவருக்கு நேரம் ஏது? பால் உறைவதற்குள் மங்குகளைச் சேகரித்துக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டுமே. நான் விமானத்தில் போகிற சப்பாத்தாயிற்றே என்று ஓட்டை போடாமல் விட்டுவிட்டேன். போட்டிருக்க வேண்டும்.

பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த வருடம், வெள்ளைச் சப்பாத்து காயாத ஒரு நாளில் என் தம்பி இதைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு படிப்பு முடியும் வரைக்கும் வகுப்பில் அவனுக்கு ஒட்டுப்பால், அதாவது மங்கில் ஒட்டிக் காய்ந்துபோன பால், என்றுதான் பெயர். இன்றைக்கு அதே சப்பாத்தைப் போட்டு மலை ஓட்டப் பந்தயம் ஓடுகிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். தம்பியிடம் சொன்னால் சிரிக்க மாட்டான்.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் நாள் ஹேடோர் போனோம். 457 மீட்டர் உயரத்தில் இரண்டு பெரிய கருங்கல் முகடுகள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து புல்வெளியில் ஏறினால் இருபது நிமிடம். வழியெல்லாம் கோர்ஸ் என்ற முள்செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. அந்தப் பூவை முகர்ந்து பார்த்தவள் திடுக்கிட்டுப்போனேன். அசல் தேங்காய் வாசம். பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்துபோய், குளிரில் நடுங்கிக்கொண்டு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் ஞாபகம் வர வேண்டியிருக்கிறது. பறிக்க நினைக்காதீர்கள், முள் ஊசி போலக் குத்தும்.

காய்ந்த கருங்கல்லில் இந்தச் சப்பாத்தைக் குறை சொல்லவே முடியாது. டார்ட்மூர் கருங்கல்லில் வெள்ளைப் படிகங்கள் பெரிது பெரிதாகத் துருத்திக்கொண்டிருக்கும், கையை வைத்தால் அம்மி கொத்தினாற்போலச் சொரசொரக்கும். ரப்பர் அதைப் பல்லி போலப் பற்றிக்கொண்டது. உச்சியில் நின்று கடல் பார்த்துவிட்டு இறங்கினோம்.

அடுத்தது பழைய தண்டவாளம். அதைப் பார்த்தே ஆக வேண்டும். 1820ல் ஜார்ஜ் டெம்ப்ளர் என்பவர், ஹேடோர் சுரங்கத்துக் கல்லைக் கால்வாய்க்குக் கொண்டுபோக ஒரு பாதை போட்டார். இரும்பு விலையோ என்னவோ, அந்தக் கல்லிலேயே தண்டவாளம் செதுக்கிவிட்டார்! சக்கரம் விலகாமல் இருக்க ஓரத்தில் விளிம்பு விட்டு வெட்டிய கருங்கல் பாளங்கள், கிளை பிரியும் இடம்கூடக் கல்லிலேயே. குதிரைகள் இழுத்திருக்கின்றன. 1831ல் திறந்த லண்டன் பாலத்துக்கு இங்கிருந்து கல் போனது. அந்தப் பாலத்தைப் பின்னால் பிரித்து விற்று, இப்போது அது அமெரிக்காவின் அரிசோனாவில் நிற்கிறது. நின்று ரசிக்க வேண்டிய இடம். நான் நிற்கவில்லை, விழுந்தேன். சக்கரம் தேய்த்துத் தேய்த்து அந்தக் கல்லின் மேற்பரப்பு வழவழத்துக் கிடக்கிறது. அதன் மேல் தூறல். குமிழ் வைத்த ரப்பருக்கு இந்தச் சேர்மானம் பரம விரோதி. மண்ணில் பதியும் குமிழ், ஈரமான வழுக்குக் கல்லில் பதிய இடமில்லாமல் சறுக்கும். நம் ஊரில் பாசி பிடித்த சிமெண்டுத் தரையில் இதைப் போட்டு நடந்தவர்களுக்குத் தெரியும். இடுப்பில் ஒரு வாரம் நீலம்.

இரண்டாம் நாள் விஸ்ட்மன்ஸ் வுட். டூ பிரிட்ஜஸ் என்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். சுற்றிலும் மொட்டை வெளியாக இருக்க, ஒரு சரிவில் மட்டும் பாறைகளுக்கு இடையே குட்டை குட்டையாக, முறுக்கிப் பிழிந்த ஓக் மரங்கள். பாறையும் பச்சை, கிளையும் பச்சை, கிளையின் மேல் வளர்ந்த பெரணியும் பச்சை. கேமரன்மலையில் பிரிஞ்சாங் உச்சியின் பாசிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். அது 2,000 மீட்டருக்கு மேல், இது 400 மீட்டர் வாக்கில். மேகமும் ஈரமும் சேர்ந்தால் காடு ஒரே மாதிரிதான் உடுத்திக்கொள்கிறது போலும். உள்ளே நுழையாமல் ஓரமாகச் சுற்றிப் போகச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்கள், பாசி மிதிபட்டுப் பாழாகிறதாம். நாங்கள் நுழையவில்லை. இரண்டு குடும்பங்கள் உள்ளே பாறை மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தன. முப்பது வருடம் ஆசிரியையாக இருந்த வாய் துடித்தது, மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போகிற வழியில் வலப்பக்க மேட்டில் தெரிவது குரோக்கர்ன் டோர். அந்த வட்டாரத்து வெள்ளீயச் சுரங்கக்காரர்கள் 1494 முதல் தங்களுக்கென்று தனிப் பாராளுமன்றம் கூட்டிய இடமாம், திறந்த வெளியில், அந்தக் காற்றில். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் குட்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மேட்டின் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

ஆனால் அந்த வழி முழுக்கக் கல். அடிப்பாகம் மெல்லிசான இந்தச் சப்பாத்தில் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கால் எண்ணிக்கொண்டே போகிறது. ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் சமாளிக்கலாம். அதற்கு மேல் கல் வழியில் நடப்பதாக இருந்தால் என் வயதில் இதைப் போடாதீர்கள். கணுக்காலுக்கும் பிடிமானம் இல்லை. குளிரும் நேரே உள்ளே இறங்குகிறது. மே மாதத்திலேயே விரல் மரத்துப்போனது, கம்பளிக் காலுறை போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

குதிகாலில் கொப்புளம் முதல் நாளே வந்தது. அதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. சப்பாத்தின் பின்விளிம்பில் உள்பக்கமாக மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். அம்மா தேய்த்துப் பார்த்திருந்தும் எனக்கு இரண்டாம் நாள்தான் நினைவு வந்தது. இன்னொரு சங்கதி, அங்கே அட்டை இல்லையே என்று கால்சட்டையை மடித்துவிட்டு நடக்காதீர்கள். உண்ணி இருக்கிறது, அதன் கடி அட்டைக் கடியைவிடப் பொல்லாதது. நோய் கொடுக்கும். தாழ்வான சப்பாத்து என்பதால் கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது. வடக்குப் பக்கம் போகிறவர்கள் இராணுவம் சுடும் பயிற்சி நடக்கும் நாளா என்று முன்கூட்டிப் பாருங்கள், சிவப்புக் கொடி ஏறியிருந்தால் எந்தச் சப்பாத்தும் உதவாது.

ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், சேற்றுக்கு ஐந்து, காய்ந்த பாறைக்கு நான்கு, கல் வழிக்கு இரண்டு, ஈரமான வழுக்குக் கல்லுக்கு முட்டை. கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள், நீங்கள் எதில் நடக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிய வாரமே மகள் தன் காலின் அளவை அனுப்பிவிட்டாள். கடைக்குப் போனேன். இப்போது 13 வெள்ளி.

“ஒரு மாதத்தில் ஒரு வெள்ளி ஏறிவிட்டதா, தவுக்கே?”

“இது இங்கிலாந்துக்குப் போகிற சப்பாத்து, சிக்கு” என்றார், சிரிக்காமல்.

இந்த முறை ஆணியைக் காய்ச்சிப் பக்கத்துக்கு இரண்டு ஓட்டை போட்டேன். தபால் செலவு சப்பாத்து விலையைப் போலப் பல மடங்கு வந்தது. அவ்வளவு கொடுத்துக் காற்றை அனுப்புவானேன் என்று, ஆளுக்கொரு பொட்டலமாக இரண்டு சப்பாத்துக்குள்ளும் மீன் கறித்தூளைத் திணித்து அனுப்பிவிட்டேன்.